மேய்ச்சற்றரையை மார்கழியில் வந்து அளவுங்கள்

மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

பெருமதிப்புக்குரியோரே,

எங்கள் மாடுகள் மேயும் மாதவனை, மயிலத்தமடு மேட்டுநிலங்களைச் சும்மா கிடக்கும் காணி என்று சொல்வோர் இன்றும் உள்ளனர். கோடையில் வந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். மாரிகாலப் பெரும்போக நெல் விதைப்புக்கு முன் வட்டைகள் எனும் வயல்வெளிகளிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய நாளைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் ஆண்டுதோறும் குறிக்கிறார்கள். அதன்படி நாங்கள் மாட்டுப் பட்டிகளை மேட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போய், பங்குனியில் அறுவடை முடிந்தபின் தாள் மேய்வதற்காகத் திரும்பவும் வயலுக்கு இறக்குகிறோம். நானும் வயல் செய்பவன் என்பதால் அந்த நாள் குறிப்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் மாடு மேய்ந்த நிலத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இருப்பதில்லை. பயிரிடாத நிலத்தையும் காட்டையும் முடிக்குரியதாகக் கொண்ட 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் எதிரில் நின்றபோது, உழுதவனுக்காவது காட்ட ஒரு வரம்பு இருந்தது. மேய்த்தவனிடம் குளம்படியைத் தவிர வேறு சான்றில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அம்பாறைப் பக்கத்துக் காடும் மேடும் வயல்களாயின. பின்னர் எங்கள் மேற்கெல்லை மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் 'பி' வலயத்துக்குள் அடங்கியது.

வேலி ஒரே நாளில் வரவில்லை. முன்பு காட்டை வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்தவர் ஓரிரு போகம் செய்துவிட்டு வேறிடம் போவார். விட்டுப்போன சேனையில் முளைத்த இளம்புல்லே மாட்டுக்கு நல்ல தீனி என்பதால், சேனைக்காரருக்கும் பட்டிக்காரருக்கும் அந்நிலம் மாறிமாறிப் பயன்பட்டது. இப்போது சோளம் முறித்த பின்னும் முட்கம்பி கழற்றப்படுவதில்லை. அடுத்த ஆண்டு ஒரு குடிசையும் அதன்பின் அனுமதிப்பத்திரப் பேச்சும் வந்துவிடுகின்றன. மாடு நீருக்குப் போன தடம் வேலிக்குள் அகப்பட்டுவிடுகிறது. கீழே நெல்வேளாண்மை, மேலே சோளம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மாடு எங்கே போகும்? வெடியில் வாய் சிதறிய பசுவையும் துப்பாக்கிச் சூடுபட்ட நாம்பன் மாட்டையும் கண்ட பின்னரே, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் அமர்ந்தார்கள்.

எல்லையிட்டு, மேய்ச்சற்றரையென வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதற்கான நில அளவையைக் கோடையில் வைக்காதீர்கள். மார்கழி மழைக்குள் பட்டிகள் அங்கே நிற்கும்போது வாருங்கள். நீருக்குப் போகும் தடங்களையும் மாடுகளை அடைத்த பழைய பட்டியடிகளையும் நாங்களே கூட நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பண்ணையாளர் ஒருவர்