செய்தியைக் கேட்காதீர்கள், விதியைக் கேளுங்கள்

கண்காட்சித் தேர்வுக் குழுக்களில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். நிகழ்த்துகலைக்கும் காணொளிக் கலைக்கும் விண்ணப்பம் கேட்கும்போது படிவத்தில் தவறாமல் ஒரு கேள்வி வைக்கிறீர்கள்: 'இப்படைப்பு சொல்லும் செய்தி என்ன?' அன்றாட வாழ்க்கையை வைத்து விளையாடுகிறவர்கள் அந்த இடத்தில்தான் பொய் சொல்ல ஆரம்பிக்கிறோம். நாற்காலியோடு மல்லுக்கட்டியதை 'நவீன மனிதனின் அந்நியமாதல்' என்று எழுதித் தருகிறோம். நீங்களும் தலையாட்டிவிடுகிறீர்கள்.

எழுதித் தராவிட்டால்? என் காணொளி ஒன்று 'விளையாட்டுத்தனம் மிகுதி' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதில் நான் ஒரு கையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தம்ளரைப் பிடித்தபடி, மறு கையால் சட்டைப் பொத்தான்களைப் போடுகிறேன். நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி இது: ஒரு சொட்டு சிந்தினாலும் எல்லாப் பொத்தானையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டு கிடையாது, கேமரா அசையாது. காலரை ஒட்டிய பொத்தானுக்கு வரும்போது தாடை தானாக மேலே போகும்; தம்ளர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். தினமும் யோசிக்காமல் செய்கிற வேலை அந்த நொடியில் கழைக்கூத்தாகிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், கூடவே மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்குமேல் என்ன செய்தி வேண்டும்?

இது நேற்று முளைத்த சேட்டை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நாவ்மன் 1967–68இல் தன் பட்டறைத் தரையில் ஒட்டிய சதுரத்தின் ஓரமாகவே இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்து படம் பிடித்தார். 1973இல் இன்னொரு அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டெசாரி மூன்று ஆரஞ்சு நிறப் பந்துகளை வானில் வீசி, அவை நேர்க்கோட்டில் நிற்கும் நொடியைப் புகைப்படமாக்கப் பார்த்தார். 36 முயற்சிகளோடு நிறுத்திக்கொண்டார். அன்றைய ஒரு சுருள் ஃபிலிமில் 36 படம்தான் எடுக்க முடியும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த 36தான். எப்போது நிறுத்துவது என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, சுருளே முடிவு செய்துவிட்டது.

பெண்ணியக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் 1975இல் எடுத்த சமையலறைக் காணொளியில் பாத்திரங்களை ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை. கரண்டியால் இல்லாத எதையோ மொண்டு பக்கவாட்டில் வீசுகிறார். பாத்திரங்கள் தீர்ந்து கடைசி எழுத்துகள் மிஞ்சும்போது கத்தியையும் முள்கரண்டியையும் ஏந்திக் கைகளாலேயே எழுத்துகளை வரைகிறார். பெண்ணைச் சமையலறையோடு கட்டிப்போடுவதன் மேல் அவருக்கு இருந்த கோபம் எந்த விளக்கக் குறிப்பையும் நம்பி நிற்கவில்லை. அகரவரிசை என்ற அசட்டு விதியை அவர் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் அது வெளியே வந்தது.

கேமரா முன்னால் குரங்குச் சேட்டை செய்தாலே கலையாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. வருவதில் பாதி சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் சோம்பேறியைப் பிடிக்கச் செய்தி உதவாது, அதை யார் வேண்டுமானாலும் ஜோடித்துவிடலாம். அவர் தானே போட்ட விதியை நடுவில் கைவிட்டாரா, முகத்தில் அசடு வழிந்ததா, அலுப்புத் தட்டும் இடத்தில் வெட்டி ஒட்டினாரா என்று பாருங்கள். இதற்கு முதல் முப்பது விநாடி போதாது, காணொளியை முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கும். பிரான்சிஸ் ஆலிஸ் என்ற கலைஞர் 1997இல் மெக்சிகோ சிட்டித் தெருக்களில் ஒரு பெரிய பனிக்கட்டியை, அது கரைந்து ஒன்றுமில்லாமல் போகும்வரை, ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிக்கொண்டு போனார். தொடக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு அவர் ஐஸ் வியாபாரி.

ஆகவே அடுத்த விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, 'நீங்கள் வைத்துக்கொண்ட விதி என்ன? அதை எங்கே மீறினீர்கள், ஏன்?' என்று கேளுங்கள். பதில் எழுத நான்கு வரி இடம் போதும். கைப்பேசியில், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததையும் ஏற்றுக்கொள்வோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது இல்லாததாலேயே பலர் அனுப்புவதில்லை.

இப்படிக்கு,
தம்ளரும் கையுமாக ஒரு விண்ணப்பதாரர்