மூன்று வருஷம் உழாத நிலம்

பெத்லகேம்,
நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போன தடவை பேசும்போது, "அந்தப் பாலஸ்தீன ஜனங்ககிட்ட பட்டா இல்லையா, இஸ்ரேல்காரங்க எப்படி நிலத்தை எடுக்கிறாங்க?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. முப்பது வருஷம் கிராமக் கணக்கு பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு எழுதினால் பாதி விளக்கம் மிச்சம்.

முதலில் பட்டா. பெத்லகேம் இருக்கிற பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்கு நிலவரித் திட்டப் பதிவே முடியவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கினார்கள், ஜோர்டான் தொடர்ந்தது, 1967 ஜூனில் இஸ்ரேல் ராணுவம் வந்தது. 1968இல் 291ஆம் எண் ராணுவ ஆணை போட்டு அந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அதனால் பெரும்பாலான குடும்பங்களிடம் இருப்பது பழைய பத்திரமும், வரி ரசீதும், தலைமுறை தலைமுறையான அனுபோகமும்தான்.

காகிதங்களை பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்கள். அடியில் குஷான், அதாவது துருக்கி சுல்தான் காலத்து மூலப்பத்திரம்; மேலே சுல்தானின் முத்திரை, கீழே "கிழக்கே இன்னார் வாரிசுகள், மேற்கே ஓடை, வடக்கே பாதை" என்று நான்கு மால். நம் கிரயப் பத்திரத்தை அரபு எழுத்தில் பார்ப்பதுபோல இருக்கும். அதற்கு மேல் மாலிய்யா என்கிற வரிப் பதிவு நகல், நம் கிஸ்தி ரசீது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹஸ்ர் இர்ஸ், வாரிசுச் சான்று. சர்வே எண் பெரும்பாலும் இருக்காது. இருக்கிற அளவும் நிஜ அளவைவிடக் குறைவாக இருக்கும். வரியைக் குறைக்க அந்தக் காலத்தில் குறைத்து எழுதிவிட்டார்கள். தாத்தா மிச்சம் பிடித்த வரி பேரனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

நிலத்தை எடுக்கிற வழி 1858ஆம் வருஷத்து துருக்கி நிலச் சட்டம். ஊர் வீடுகள் நிற்கிற இடம் முல்க், நம் நத்தம் மாதிரி. சாகுபடி நிலம் மீரி. பத்து வருஷம் உழுதால் உரிமை வரும், காரணமில்லாமல் மூன்று வருஷம் தொடர்ந்து உழாமல் விட்டால் அரசுக்குத் திரும்பலாம். சுல்தானுக்கு இதில் வரி வருமானம்தான் நோக்கம். 1979 அக்டோபரில் நாப்ளஸ் பக்கத்து எலோன் மோரே வழக்கில், ராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தில் இஸ்ரேலியர்களுக்கான குடியேற்றம் கட்டக் கூடாது என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு துண்டில் பாதிக்கு மேல் சாகுபடி தெரியவில்லை என்றால் அது புறம்போக்கு. இந்த மலையில் பாதி பாறை என்பதை யோசித்துப் பாருங்கள். பாறை இடுக்கில் நாற்பது ஒலிவ மரம் நின்றாலும் கணக்கில் தரிசு.

அரசு நிலம் என்ற அறிவிப்பு வருகிற விதம்தான் எனக்கு ஆறவில்லை. அதிகாரிகள் முக்தாரை, அதாவது ஊர்த் தலைவரைக் கூட்டிப்போய் எல்லையைக் காட்டினால் போதும், எல்லோருக்கும் அறிவித்ததாகக் கணக்கு. அன்றிலிருந்து 45 நாள். அதற்குள் ராணுவ மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனு போக வேண்டும்: உரிமம் பெற்ற சர்வேயர் போட்ட வரைபடம், பிரமாணப் பத்திரங்கள், வரிப் பதிவு, வாரிசுச் சான்று, வக்கீல். வாரிசுகளில் ஒருவர் ஜோர்டானின் அம்மான் நகரில், இன்னொருவர் சிலியில் இருப்பார். கையெழுத்து வாங்குவதற்குள் நாள் ஓடிவிடும். நிரூபிக்க வேண்டியது விவசாயி. 59ஆம் எண் ஆணைப்படி, இது அரசு நிலம் என்று அரசு சொத்துக்கான பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தால், இல்லையென்று காட்டும்வரை அது அரசு நிலம். அதைவிடக் கொடுமை, அவர் நல்லெண்ணத்தில் வேறொருவருக்குக் கொடுத்திருந்தால், பிற்பாடு விவசாயி ஜெயித்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லும். ஜமாபந்தியில் இப்படி ஒரு விதியை யாராவது வாசித்தால் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள்.

பெத்லகேமுக்கு மேற்கே நஹாலின் ஊர் அருகே ஒரு பண்ணை. 1916இல் வாங்கியதற்குப் பத்திரம், பிரிட்டிஷ் காலத்துப் பதிவு, எல்லாம் கையில் இருக்கிறது. 1991இல் அரசு நிலம் என்றார்கள். அந்த வழக்கு முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்தது. நடுவில், 2014 மே மாதம், அறுவடைக்கு இருந்த நூற்றுக்கணக்கான பழமரங்களை புல்டோசர் பிடுங்கிப் போட்டது. இவ்வளவு காகிதம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி.

சரி, நட்டுவிட்டால் நிலம் நிற்குமா? அதனால்தான் எல்லோரும் நடுகிறார்கள். 7 மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு டூனத்துக்கு 20 ஒலிவச் செடி. டூனம் என்பது 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 25 சென்ட். மே முதல் அக்டோபர் வரை மழை கிடையாது என்றே சொல்லலாம். செடிக்கு 20 லிட்டர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றாலும் ஒரு கோடைக்கு டூனத்துக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர். பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி கட்டினால் தீரும். ஆனால் மேற்குக் கரையில் 60 சதவீதம் 'சி' பகுதி, முழுக்க இஸ்ரேல் ராணுவத்தின் கையில். 1967 நவம்பரில் வந்த 158ஆம் எண் ஆணைப்படி அனுமதியில்லாமல் நீர் அமைப்பு எதுவும் கூடாது. அனுமதியோ கிடைப்பதே இல்லை என்று சொல்லலாம். பழைய தொட்டியைச் சீராக்கியதற்கே இடிப்பு ஆணை வந்த ஊர்கள் உண்டு. 2018இல் வந்த 1797ஆம் எண் ஆணை, புதுக் கட்டுமானத்தை நோட்டீஸ் ஒட்டி 96 மணி நேரத்தில் அகற்றலாம் என்கிறது. லாரித் தண்ணீர் வாங்கினால் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு விலை.

தண்ணீர் கிடைத்தாலும் நிலத்துக்குப் போக வேண்டுமே. குடியேற்றத்தை ஒட்டிய நிலம் என்றால் தன்ஸீக் வேண்டும், ராணுவத்தோடு ஒருங்கிணைப்பு. வருஷத்தில் உழவுக்குச் சில நாள், அறுவடைக்குச் சில நாள். அந்த நாளில் மழை பெய்தாலும் காய் பழுக்காவிட்டாலும் அதுதான் நாள். விவசாயிகளைத் தடுக்காமல் பாதுகாப்புக் கொடுப்பது ராணுவத்தின் கடமை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபருக்குப் பிறகு பல ஊர்களில் அந்தச் சில நாளும் போயிற்று. போகிறவர்களைக் குடியேறிகள் அடித்து விரட்டுகிறார்கள். கைகலப்பு ஆனால் அதே வயலில் நின்ற இருவரில் பாலஸ்தீனருக்கு ராணுவ நீதிமன்றம், குடியேறிக்கு இஸ்ரேலின் சாதாரண நீதிமன்றம். குற்றச்சாட்டே இல்லாமல் ஆறு மாதம் அடைத்து, மறுபடி மறுபடி நீட்டிக்கவும் ஆணை இருக்கிறது.

இப்போது மேலே சொன்ன மூன்று வருஷத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள் அப்பா. நிலத்துக்குள் விடாமல் தடுப்பதும் அவர்கள், உழவில்லை என்று படம் காட்டுவதும் அவர்கள். ஏன் உழவில்லை என்பது வானத்துப் படத்தில் தெரியாது.

எடுத்த நிலம் எங்கே போயிற்று என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1967 முதல் ஒதுக்கிய அரசு நிலம் சுமார் 6,74,000 டூனம், அதில் 99.76 சதவீதம் குடியேற்றங்களின் தேவைக்கு. தகவல் கேட்டு வழக்குப் போட்ட பிறகு 2018இல் இஸ்ரேல் அதிகாரிகளே தந்த எண்கள் இவை. 2024இல் ஜோர்டான் பள்ளத்தாக்கில் ஒரே அறிவிப்பில் 12,700 டூனம், சுமார் 3,100 ஏக்கர். 1907 ஹேக் விதிகளின்படி ஆக்கிரமித்த படை பொது நிலத்துக்குக் குத்தகைக்காரன் மாதிரிதான். விளைச்சலை அனுபவிக்கலாம், நிலத்தைச் சொந்தமாக்க முடியாது. இந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துச் சொல்லியிருக்கிறது. 2025 மே மாதம் இஸ்ரேல் அமைச்சரவை, நிறுத்தி வைத்திருந்த அந்த நிலப் பதிவை 'சி' பகுதியில் மறுபடி தொடங்க முடிவெடுத்தது. பட்டா கிடைக்கப் போகிறது என்று நினைக்காதீர்கள். காகிதம் காட்ட முடியாதவர்களின் நிலம் மொத்தமாகப் புறம்போக்கில் சேர்ந்துவிடும் என்பதுதான் இங்குள்ள பயம்.

அதனால் ஊர் ஊராக அந்த டின்களைத் திறந்து எல்லாவற்றையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆனால் விசாரணைக்கு அசல் வேண்டும். குஷான் தாள் மடிப்பில் விட்டுப்போகிறது. சிலர் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள், அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரிக்கிறது. பழைய கணக்குக் கட்டுகளுக்கு நடுவே நீங்கள் வசம்பு வைத்தது ஞாபகம் இருக்கிறது, அது பூச்சிக்கு. மடிப்பு விட்ட தாளுக்கு என்ன செய்தீர்கள்? மெல்லிய தாளும் கஞ்சிப் பசையும் என்றால் பசையில் எதைக் கலந்தீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி