கும்பகோணத்து ஸ்டூடியோவுக்கு ஒரு கணினி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் மடித்து வைத்திருந்த கடைக்காரரின் கொட்டேஷனும் செவ்வாயன்று கிடைத்தன. இத்தனை ஆண்டுகள் கல்யாண வீடியோக்களை எடுத்துவிட்டு எடிட்டிங்கை வெளியே கொடுத்துவந்த நீ, இனி அதை ஸ்டூடியோவிலேயே செய்துகொள்ளப் போகிறாய் என்று படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. வேலை முடிந்த இரவுகளில் அதே கணினியில் உன் மகன் வாலரன்ட் கேம் ஆடுவான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டேன். கொட்டேஷனை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். உன் வேலை என்னவென்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போட்ட பட்டியல் அது.

நீ கேட்காத ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். உன் கேமரா சோனி ஏ7 மார்க் 4. அதில் நீ 4கே, 10 பிட், 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் அமைப்பு) என்று வைத்து, கோப்பைச் சுருக்கும் எச்.265 முறையில் எடுக்கிறாய். முகூர்த்தப் புடவையின் அரக்கும் மஞ்சளும் பிசிறில்லாமல் வருவதற்கு அது நல்ல முறைதான். ஆனால் அப்படிச் சுருக்கி வைத்த கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்று சிப்பிலேயே தனிப் பகுதி இருக்க வேண்டும். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைகளில் இப்படிப்பட்ட 4:2:2 கோப்பை விரிக்கும் வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல் பிராசசர்களில் குவிக் சிங்க் என்ற பெயரில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இருந்தது. இந்த வசதி இல்லாத கணினியில், பிராசசருக்குள் வேலை செய்யும் கோர் எத்தனை இருந்தாலும், எடிட்டிங் மென்பொருளான பிரிமியரில் இரண்டு கேமராக் கோப்புகளை அடுக்கி ஓடவிட்டால் தாலி கட்டும் காட்சி திக்கித் திக்கித்தான் நகரும். ஆகையால் யாராவது பழைய வரிசை அட்டையை மலிவாகத் தருகிறேன் என்றால் மயங்கிவிடாதே. இன்டெல் பக்கம் போவதானால், எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இல்லாததாகப் பார்த்து எடு. எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, குவிக் சிங்கும் இல்லை.

இனி கொட்டேஷனுக்கு வருகிறேன். பிராசசர் ரைசன் 9 9950எக்ஸ், பதினாறு கோர். அதன் பக்கத்தில் எட்டு ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 5060. இது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு கிளம்புவது போலிருக்கிறது. உன் வேலைக்கு எட்டு கோர் கொண்ட ரைசன் 7 9700எக்ஸ் போதும். மிஞ்சும் பணத்தை ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அட்டையில் போடு. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயரில் எட்டு ஜிபி, பதினாறு ஜிபி என இரண்டு வகை விற்கிறார்கள். பில்லில் பதினாறு என்று எழுதி வாங்கு. 4கே காட்சியில் நிறத்திருத்தமும் இரைச்சல் நீக்கமும் சேர்ந்தால் எட்டு ஜிபி நிரம்பிவிடும். வாலரன்டுக்கு இவ்வளவு தேவையே இல்லை. அதற்கு விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ரேமைப் பதினாறு ஜிபி துண்டுகள் நான்காகப் போட்டிருக்கிறார்கள். அதை முப்பத்திரண்டு ஜிபி துண்டுகள் இரண்டாக மாற்றச் சொல். ரைசனுக்கான இந்த ஏஎம்5 மதர்போர்டுகளில் நான்கு இடத்தையும் நிரப்பினால் ரேமின் வேகம் வெகுவாக இறங்கும். டிடிஆர்5 6000 என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தாலும், கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ என்பதை இயக்காதவரை அது பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். எஸ்எஸ்டி இரண்டாக இருக்கட்டும்: விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் ஒன்று, நடப்பு வேலைக் கோப்புகளுக்கு ஒன்று. முடிந்த கல்யாணங்களைச் சாதாரண ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்தால் போதும்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் கேபினெட்டோடு இலவசமாக வந்த ஒன்றை நம்பினேன். ஐப்பசி மழையிரவு ஒன்றில் கரண்டு போய்த் திரும்பி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய நாற்றம். அத்தோடு ஹார்டு டிஸ்கும் போனது, அதிலிருந்த என் மகளின் காதுகுத்துப் படங்களும் போயின. ஆகவே நல்ல கம்பெனியின் 750 வாட், கோல்டு சான்று உள்ளதாகக் கேள். யுபிஎஸ்ஸும் 600 விஏ போதாது. வேலை உச்சத்தில் இருக்கும்போது மானிட்டரோடு சேர்த்து முந்நூற்றைம்பது வாட்டை நெருங்கும் என்பதால் 1000 விஏ வாங்கு.

கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் வாட்டர் கூலரும் உன் மகனின் ஆசை என்று புரிகிறது. ஆனால் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் உன் அறை, சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது அவனைவிட உனக்குத் தெரியும். எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது, நீரில் ஓடுவதும் அப்படித்தான். முன்பக்கம் வலை வைத்த கேபினெட், நல்ல ஏர் கூலர், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இவை போதும். அவனைச் சமாதானப்படுத்த விளக்கு எரியும் ஃபேன் இரண்டு வாங்கிக் கொடுத்துவிடு.

பாகங்களைச் சேர்த்துப் பூட்டும்போது ஒன்றைப் பார்த்துக்கொள். சென்ற வருடம் என் மகளுக்கு ஒரு கணினி பூட்டினேன். "அப்பா, கேம் இழுக்குது" என்று இரண்டு நாள் புலம்பினாள். டிரைவரை மாற்றினேன், விண்டோஸைக்கூட மறுபடி ஏற்றினேன். மூன்றாம் நாள் பின்பக்கம் குனிந்து பார்த்தால், மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் அட்டையில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தேன். இத்தனை வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்ளும் எனக்கே இந்தக் கதி.

ரேம் விலை ஏறிப்போய்க் கிடப்பதால் கும்பகோணத்தில் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறாய் அல்லவா, ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்போம். வரும்போது சமீபத்துக் கல்யாணம் ஒன்றின் மூலக் கோப்பை ஐந்து நிமிட அளவுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொண்டு வா. அதைக் கடைக்காரரின் கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்