ப்ளக் மரை போனால் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். புது வண்டிகளைப் பற்றியே வருகிறது, பழைய வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். போன மாதம் ஒரு பட்டறையில் ஸ்பார்க் ப்ளக் (இன்ஜினுக்குள் தீப்பொறி தருவது) மாற்றக் கொடுத்தேன். வேலை செய்த பையன் கையால் திருகிப் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே ஸ்பானரைப் போட்டு இறுக்கிவிட்டான், மரை சாய்ந்து ஏறிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் புஸ்புஸ் என்று கசிகிற சத்தம், ப்ளக்கைச் சுற்றிக் கறுப்பாக ஆயில் ஈரம். கழற்றினால் ஹெட்டின், அதாவது ப்ளக் திருகி உட்காரும் சிலிண்டர் மூடியின், அலுமினியம் வெள்ளி நூல் மாதிரி ப்ளக் மரையில் சுருண்டு வந்திருந்தது. ஹெட்டே போச்சு, வேறு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் எம்-சீல் வைத்து ஒட்டச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், அந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் எந்தப் பசையும் நிற்காது, ப்ளக் தெறித்தால் நேர் மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

ஹெட்டை மாற்றத் தேவையே இல்லை. ஹெலிகாயில் என்று ஸ்டீல் கம்பிச் சுருள் கிடைக்கிறது, கெட்ட மரையைப் பெரிதாக வெட்டி உள்ளே இதைத் திருகிவிட்டால் இதுவே ப்ளக்குக்குப் புது மரை. ப்ளக் அளவு 14 மி.மீ., மரை இடைவெளி 1.25, நீளம் 12.7 மி.மீ. என்று சொல்லி, அதற்கென்றே உள்ள டேப்போடு (மரை வெட்டும் கருவி) சேர்த்து வாங்க வேண்டும். இது டூ ஸ்ட்ரோக், ஹெட்டில் வால்வு கிடையாது, நட்டுகளைக் கழற்றினால் ஹெட் கையோடு வந்துவிடும். அப்படிக் கழற்றி மேஜையில் வைத்துச் செய்வதுதான் நல்லது, வண்டியிலேயே வைத்து டேப் போட்டால் அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனைக் கீறிவிடும். மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகப் போக வேண்டும். டேப் சாயக் கூடாது, எனக்கு இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. வெட்டிய மரையில் சுருளைத் திருகி இறக்கியதும் அதன் மேல் முனை ப்ளக் வாஷர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், அடிமுனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அது பழுக்கக் காய்ந்து பெட்ரோல் கலவையை நேரத்துக்கு முன்பே தீப்பிடிக்க வைக்கும். சுருளின் அடியில் இருக்கும் சின்ன நாக்கை உடைத்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் பெட்ரோலில் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். அவற்றின் ப்ளக் 10 மி.மீ. தான், ஹெட்டைக் கழற்றினால் டைமிங் செயினையும் கழற்ற வேண்டிவரும். நல்ல லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்ஜின் ஆறிய பிறகே ப்ளக்கைத் தொட வேண்டும். ஒரு ரப்பர் குழாயை அதன் தலையில் செருகி விரலால் திருகுங்கள், மரை சாய்ந்தால் குழாய் வழுக்கும், உடனே தெரிந்துவிடும். புது ப்ளக் கைக்கு இறுகிய பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று போதும். டேப்பை நேராகப் பிடிக்கும் விதத்தை மட்டுமாவது நாலு படம் போட்டு உங்கள் பக்கத்தில் வெளியிடுங்கள், எழுத்தில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்