கண்ணாடியை இறக்கி ஓட்டு

செங்கோட்டை,
செவ்வாய் இரவு.

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய மூன்று ஹெல்மெட் படங்களையும் பார்த்தேன். "எதுப்பா நல்லா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். உங்கம்மா போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்து, சிவப்புதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தூரத்தில் வரும்போதே தன் மகள் என்று தெரியுமாம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, லாரிக்காரர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த விரலை வைத்துப் போனில் தட்டினால் விடிந்துவிடும். அதனால் கடை பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உன் தம்பி படம் எடுத்து அனுப்புவான். கிரீஸ் கறையைப் பார்த்துச் சிரிக்காதே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வலது கண்ணில் இருக்கிற வெள்ளைத் தழும்பு வெல்டிங் பொறி பட்டு வந்தது என்று உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்.

2011, பங்குனி மாதம். நீ அப்போது ஆறாம் வகுப்பு. பிசான நெல் அறுப்பு முடிந்து, வைக்கோல் லாரிகள் கேரளாவுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்த நேரம். உனக்குத்தான் தெரியுமே, நெல்லை விட வைக்கோல் அதிகமாக எல்லை தாண்டுகிற ஊர் நம்முடையது. புளியரையில் ஒரு ஜீப் நின்றுவிட்டது என்று போன் வந்தது. சாயங்காலம் ஆறரை மணி. ஸ்பேனர் பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், நல்ல ஹெல்மெட்தான். ஆனால் அதன் முகக் கண்ணாடியை மேலே தூக்கி விட்டிருந்தேன்.

ஏன் தூக்கினேன் என்பதுதான் வெட்கக்கேடு. பட்டறையில் எதைத் துடைப்பதற்கும் பெட்ரோல்தானே! செயின், கார்புரேட்டர், கை எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு நாள் அதே துணியால் ஹெல்மெட் கண்ணாடியையும் துடைத்தேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. அந்தக் கண்ணாடி கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். பெட்ரோலும் தின்னரும் பட்டால் அதன் மேல்பூச்சு கெட்டு, சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வெடிப்பு விடும். பகலில் அது பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே ஒரு லாரி வந்தால் போதும், விளக்கு நூறாகச் சிதறி ரோடே காணாமல் போகும். அதனால் இருட்டினால் தூக்கிவிட்டு ஓட்டுவது என் வழக்கமாகிப் போனது. புதுக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டியிருக்கலாம். இருநூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. ஊரார் வண்டிக்கெல்லாம் பிரேக் ஷூ மாற்றச் சொல்லி நச்சரிக்கிற ஆள், தன் தலைக்கு மாற்றவில்லை.

முன்னால் போன லாரியில் வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கிக் கிடந்தது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வேறு. வலது கண்ணில் சுருக்கென்று ஏதோ குத்தியது. வண்டியை ஓரம் கட்டி, செய்யக் கூடாததை முதலில் செய்தேன், கசக்கினேன். பிறகு டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கழுவினேன். ஏதோ சுணையோ உமியோ, வெளியே வந்ததா உள்ளேயே இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஜீப்பைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

மறுநாள் கண் சிவந்தது. ஆச்சி விளக்கெண்ணெய் விட்டாள். அடுத்த நாள் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினேன், சீட்டு எதுவும் கேட்கவில்லை. போட்டதும் சிவப்பு குறைந்தது, எனக்கும் நிம்மதி. அதில் ஸ்டீராய்டு இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆறாம் நாள் முகம் மழிக்கும்போது பார்க்கிறேன், கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. திருநெல்வேலிக்கு ஓடினோம். புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பூஞ்சை என்றார்கள். வயல்காட்டுப் பக்கம் இது சகஜமாம், நெல்லும் வைக்கோலும் பட்ட காயத்தில் வருவதாம். அந்த ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு உரம் போட்ட மாதிரி வேலை செய்திருக்கிறது. நேட்டமைசின் என்று ஒரு சொட்டு மருந்து, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். மணிக்கு ஒரு முறை போட வேண்டும், ராத்திரியிலும்தான். உங்கம்மா அலாரம் வைத்து வைத்து எழுந்தாள். புண் ஆற ஒன்றரை மாதம் பிடித்தது. தழும்பு மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கண்ணால் உன் முகம் தெரியும், நீ சிரிக்கிறாயா முறைக்கிறாயா என்பது தெரியாது. நான் ஏன் இருட்டினால் வண்டி எடுப்பதில்லை என்று அடிக்கடி கேட்பாயே, இதுதான் காரணம். மெக்கானிக்குக்கு வெல்டிங் பொறி பட்டது என்றால் கேட்பதற்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. அதுதான் அப்படிச் சொன்னேன்.

சரி, படங்களுக்கு வருவோம்.

முதல் படத்தில், நெற்றிக்கு மேல் கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது வேண்டாம். மண் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்காக வந்த வடிவம் அது. ஆனி ஆடியில் கோட்டைவாசல் தாண்டும்போது காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த மூக்கில் காற்று பிடித்தால் தலையைப் பின்னால் தள்ளும், பக்கத்திலிருந்து அடித்தால் கழுத்தைத் திருப்பும். அதோடு அதில் முகக் கண்ணாடியே கிடையாது. தனியாக காகிள்ஸ் மாட்ட வேண்டும், உன் பவர் கண்ணாடிக்கு மேல் அது சரியாக உட்காராது.

இரண்டாவது, முகம் திறந்த ஹெல்மெட், கூடவே கறுப்புக் கண்ணாடி. பார்க்க ஷோக்காகத்தான் இருக்கிறது. ஆனால் தாடை மொத்தமும் வெளியே இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியோ, நீ போகிற நேரத்துக்கு ஆகவே ஆகாது. யோசித்துப் பார். ஞாயிறு சாயங்காலம் இங்கிருந்து புனலூருக்கு மேற்கே போகிறாய். வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்த நேரம் கறுப்பு சுகமாகத்தான் இருக்கும். எஸ் வளைவு ஏறி, மரங்களுக்குள் நுழைந்ததும் ஒரேயடியாக இருட்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடமாவது வேண்டும், அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி வேறு என்றால் ரோட்டில் நிற்கிற மாடு தெரியாது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வருவதற்குள் பொழுது போய்விடும். அங்கே நின்றா கண்ணாடி மாற்றப் போகிறாய்?

அதனால் மூன்றாவதுதான் என் ஓட்டு. முழு முகம், வெளியே நிறமில்லாத கண்ணாடி, உள்ளே விரலால் தள்ளினால் இறங்குகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்கு இறக்கு, மரநிழல் வந்ததும் ஏற்று. தாடைப் பக்கம் மேலே தூக்குகிற வசதியும் அதில் இருக்கிறது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே போட்டுக்கொள்ளலாம். ஓடும்போது மட்டும் அதைப் பூட்டியே வை.

உன் மூக்குக் கண்ணாடியைப் பற்றியும் ஒன்று. வெயிலில் தானாகக் கறுக்கிற கண்ணாடிக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தாயே, அது ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கறுக்காது. அது கறுப்பது புற ஊதாக் கதிர் பட்டு. அந்தக் கதிரை ஹெல்மெட் கண்ணாடியே பெரும்பாலும் தடுத்துவிடும். அது கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. அடுத்த முறை லென்ஸை பாலிகார்பனேட்டில் போடச் சொல், எளிதில் உடையாது. காதுக்குப் போகிற கம்பி மெல்லிசாக, நேராக இருக்கட்டும். வளைந்து தடித்த கம்பி ஹெல்மெட்டுக்குள் அழுத்தி, அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும்.

வாங்குவதற்கு முன் தலையை அள. புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே டேப்பைச் சுற்று. பின்தலையில் எங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ அந்த வழியாகக் கொண்டு வா. சென்டிமீட்டரில் குறித்துக்கொள், உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கும். எஸ், எம், எல் என்கிற எழுத்தை நம்பாதே, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. கொண்டை போட்டு அதன் மேல் கவிழ்க்காதே, தாழப் பின்னிக்கொள். புதுசு கன்னத்தைக் கொஞ்சம் பிடிக்க வேண்டும், அப்பம் வாயில் வைத்த பிள்ளை மாதிரி முகம் உப்பித் தெரியும். அது சரிதான், பஞ்சு பழகிவிடும். நெற்றியில் மட்டும் ஒரே இடத்தில் குத்தினால் வேண்டாம். வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கம் கையைக் கொடுத்து முன்னால் உருட்டிப் பார். கழன்று வந்தால் அது ஹெல்மெட் இல்லை, குண்டான். வாரைப் பூட்டாமல் வண்டியை எடுத்தாலும் அப்படித்தான்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்க வேண்டும் என்று உனக்கே தெரியும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனால் முத்திரை ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். ஐ.எஸ். 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும், அதோடு சி.எம்./எல். என்று தொடங்குகிற லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடும். நானும் பட்டறையில் உட்கார்ந்து வருகிறவர்கள் ஹெல்மெட் எண்ணையெல்லாம் அதில் போட்டுப் பார்க்கிறேன், ஆட்கள் இப்போதெல்லாம் ஹெல்மெட்டை வெளியிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

காலேஜுக்குப் போட்ட பழைய ஹெல்மெட்டைத் தோழிக்குக் கொடுக்கலாம் என்றாயாம். வேண்டாம். அது மாடிப் படியிலிருந்து உருண்டதை நான் பார்த்தேன். ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கிற கெட்டித் தெர்மாகோல்தான் அடியை வாங்குவது. அது நசுங்குவதால்தான் மண்டை தப்பிக்கிறது. ஒரு தரம் நசுங்கினது திரும்ப எழும்பாது, வெளியே ஒன்றும் தெரியாது. அவளுக்கும் புதுசு வாங்கு. பின்னால் உட்காருகிறவருக்கும் அங்கே கேரளாவில் கட்டாயம். 2023 ஜூனிலிருந்து கேமரா வேறு பார்க்கிறது. ஹெல்மெட் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் 500 ரூபாய், இந்தப் பக்கம் 1000. 1956 வரைக்கும் ஒரே மாநிலத்துக்குள் இருந்த ரோட்டில் இப்போது இரண்டு ரேட்டு. கண்ணாடி இறங்கியிருக்கிறதா என்று மட்டும் எந்தக் கேமராவும் எந்தப் போலீஸும் பார்ப்பதில்லை, பாப்பா. அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழையில் மூச்சுப் படிந்து மறைக்கிறது என்று தூக்காதே. கண்ணாடியை ஒரு படி மட்டும் திறந்து வை, காற்று போகும். மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பும், அப்போது அதுவும் வேண்டாம். அறுபதில் போகிற வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண்ணை மூடித் திறக்க இரண்டு நொடி என்றால் முப்பத்து மூன்று மீட்டர். எஸ் வளைவில் அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு போக இடம் இருக்கிறதா? கண்ணாடியில் பூச்சி ஒட்டினால் தேய்க்காதே. ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வை, ஊறித் தானே வரும். சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வைக்கோல் லாரி முன்னால் போனால் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே, வளைவில் முந்தவும் பார்க்காதே. புளியரையில் நிறுத்தி ஒரு டீ குடி. அதையும் மீறி ஏதாவது கண்ணில் விழுந்தால் கசக்காமல் கழுவு. அப்புறம் மருந்துக்கடைக்குப் போகாதே, கண் டாக்டரிடம் போ.

சிவப்பில் இந்த மூன்றாவது மாடல் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறாள் உங்கம்மா. அப்படியே அவளுக்கும் ஒன்று பார். பின்னால் உட்கார்ந்து பாவூர்சத்திரம் சந்தைக்கு வருகிறவளுக்கு எதற்கு என்று இத்தனை நாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் விட்டுவிட்டேன். இப்போதுதான் தையல் டேப்பை வைத்து அளந்தேன், 55 வருகிறது. கொண்டையோடு அளக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அதை நீ வந்து பேசிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா