மரத்துக்கு மரம் நடந்து வந்தோம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். தோள்பட்டை வலி மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நாங்கள் இருவரும் கயிற்றுப் பாதைக்கு, அதாவது மரத்துக்கு மரம் உயரத்தில் கட்டிய கேபிள்களிலும் கட்டைகளிலும் நடக்கிற இடத்துக்குப் போய் வந்ததைக் கேட்டு நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, விடுமுறைக்குப் பிள்ளைகளை நாங்களும் ஒரு கயிற்றுப் பாதைக்குக் கூட்டிப்போகிறோம், எப்படி இருந்தது சொல்லு என்று இன்னொரு வரி. முதல் கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டாவதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

ஹார்னஸ் மாட்டுவதிலிருந்து தொடங்குகிறேன். இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் மாட்டுகிற பட்டை அது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். இறக்கிக் கட்டினால் மேலே போய்த் தலைகீழாகக் கவிழும்போது உருவிக்கொண்டு வரும். தொடைப் பட்டைக்குள் தட்டையாக வைத்த கை நுழையலாம், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. அங்கிருந்த பெண் எனக்கு அப்படித்தான் பார்த்து விட்டாள். சின்னவனுக்கு இடுப்பு என்று ஒன்றே இன்னும் வரவில்லை, அவனுக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கிற முழு உடம்பு ஹார்னஸ்தான் சரி. அவர்களே தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்கு, கூச்சப்படாதே.

அப்புறம் கொக்கிகள். ஹார்னஸிலிருந்து இரண்டு குட்டைக் கயிறுகள் வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு காரபைனர், அதுதான் பூட்டு வைத்த உலோகக் கொக்கி. தலைக்கு மேலே ஓடுகிற எஃகுக் கேபிளில் இரண்டையும் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு மரத்தின் மேடையிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது ஒரு கொக்கியைக் கழற்றிப் புதுக் கேபிளில் மாட்டி, அது மாட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் இன்னொன்றில் கை வைக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஒன்றாவது கேபிளில் இருக்க வேண்டும். கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது பார்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு முன்னால் ஒரு பையன் போனான், இருபது வயதுக்குள் இருக்கும். ஆடுகிற கட்டைகள் மேல் முகம் வெளுத்துப் போய், ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து நடந்தான். மேடைக்கு வந்ததும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். கீழேயிருந்து அவன் நண்பர்கள் கை தட்டினார்கள். அவர்கள் பக்கம் திரும்பி ஏதோ கத்திக்கொண்டே ஒரு கொக்கியைக் கழற்றினான். அது அவன் தொடையில் தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சு நிற்கவில்லை. அவன் கை தானாக இரண்டாவது கொக்கிக்குப் போனது, கட்டைவிரல் அதன் பூட்டைத் திருக ஆரம்பித்துவிட்டது. கீழே நின்ற பயிற்சியாளர் "கொக்கி!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். பையன் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் மெதுவாகக் குனிந்து, தொங்கின கொக்கியை எடுத்து அடுத்த கேபிளில் மாட்டினான்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். கட்டை மேல் ஆடும்போது இரண்டு கொக்கியும் மேலே கிடக்கின்றன. கால் தவறினாலும் கொஞ்சம் இறங்கித் தொங்குவோம், அவ்வளவுதான். உயிர் போகிற மாதிரி இருக்கும், ஆனால் போகாது. மேடைக்கு வந்த பிறகுதான் கழற்றி மாட்டுகிற வேலை. அங்கே ஆட்டம் கிடையாது, பிடித்துக்கொள்ள மரம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. "அப்பாடா" என்று மனசு இறங்கிவிடும். பிள்ளைகள் நடுவில் அலறும்போது நீ பதறாதே. மேடைக்கு வந்து சிரிக்கும்போது அவர்கள் கையைப் பார்.

இதற்கு நல்ல மாற்றும் வந்துவிட்டது. சில இடங்களில் ஒரு கொக்கி திறந்திருந்தால் மற்றது பூட்டிக்கொள்கிற மாதிரி இணைந்த கொக்கிகள் வைத்திருக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் ஏறும்போது மாட்டினால் இறங்கும்வரை கழற்றவே வேண்டாம், கேபிளோடு கூடவே ஓடி வரும் ஒரு அமைப்பு இருக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். பதிவு செய்யும் முன் இதைக் கேள். வெளியாள் வந்து கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்றும் கேள். ஐரோப்பாவில் இதற்கென்றே இ.என். 15567 என்று ஒரு தரநிலை உண்டு, கட்டுவதற்கு ஒரு பகுதி, நடத்துவதற்கு ஒரு பகுதி. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 1993-ல் சங்கம் தொடங்கித் தங்களுக்கான தரங்களை வகுத்திருக்கிறார்கள். ஒழுங்காக நடத்துகிற இடத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ பெரியவளைப் பற்றிக் கவலைப்படுகிறாய் என்று தெரியும், மொட்டை மாடியில்கூட ஓரத்துக்கு வர மாட்டாள். தரையில் நிற்கும்போதும் நம் உடம்பு கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற சுவர், மேசை எல்லாம் கண்ணில் லேசாக நகர்வதை வைத்து மூளை அதைச் சரிசெய்துகொள்கிறது. மேலே போனால் பக்கத்தில் எதுவும் இல்லை. தூரத்தில் இருப்பது நகர்வது கண்ணுக்குப் பிடிபடாது, அதனால் ஆட்டம் கூடுகிறது. அவளிடம் "கீழே பார்க்காதே" என்று மட்டும் சொன்னால் வானத்தைப் பார்ப்பாள், அதுவும் உதவாது. அடுத்த மரத்தின் அடித்தண்டில் ஒரு முடிச்சையோ கீறலையோ காட்டி அதையே பார்த்துக்கொண்டு வரச் சொல். இலையைக் காட்டாதே, காற்றில் அதுவும் ஆடும்.

நடுவில் உறைந்து நின்றுவிட்டால் "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று கத்தாதே. அவளுக்கு அது கோபத்தைத்தான் கிளப்பும். செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல். "இடது கையை முன்னால் நகர்த்து." அது முடிந்ததும் அடுத்தது. முடியவில்லை என்றால் பயிற்சியாளர் மேலே வந்து கயிற்றில் இறக்கிவிடுவார், அதற்கு எப்போதும் ஏற்பாடு உண்டு. அவர்களை முன்கூட்டியே கூப்பிட்டுவிடு. ஹார்னஸில் அசையாமல் வெகுநேரம் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கிவிடும், நல்லதில்லை. உதவி வரும்வரை காலை உதைத்து ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்.

அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய் அல்லவா? பர்மா பாலத்தில், அதுதான் காலுக்கு ஒரு கேபிள், இரண்டு கைக்கும் இரண்டு கேபிள், அதில் நடுவில் நின்றபோது அவர் வலது கால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி அடித்துக்கொண்டது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயம் மட்டும் அதற்குக் காரணமில்லை. முன்னங்காலில் எக்கி நின்றால் கெண்டைத்தசை களைத்துப் போய் அப்படி உதறும். "குதிகாலை இறக்குங்க" என்று பயிற்சியாளர் சொன்னார், இறக்கினார், நின்றுவிட்டது.

நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. கேபிளெல்லாம் தொய்ந்து கிடந்தன. விறைப்பாகக் கட்டியிருக்கக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்குக் கேட்கவா வேண்டும், அன்று ராத்திரி காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 60 கிலோ ஆள் நடுவில் தொங்கும்போது கேபிள் இரண்டு பக்கமும் கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரி சாய்ந்திருந்தால், கேபிளில் ஏறுகிற இழுவிசை சுமார் 170 கிலோ எடைக்குச் சமம். இழுத்துக் கட்டி அதை 5 டிகிரியாக்கினால் அதே ஆளுக்கு 340 கிலோ. விறைப்பாக்க விறைப்பாக்கக் கேபிளும் மரமும் தாங்க வேண்டியது ஏறிக்கொண்டே போகும். ஆக, தொய்வு வேண்டுமென்றே விட்டது. கொக்கிகளோ 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2000 கிலோ தாங்குகிற மாதிரி செய்தவை. இதைத் தெரிந்துகொண்டு மேலே போனால் பயம் போய்விடுமா என்றால் போகாது. ஆனால் இப்படித் தொய்வாகக் கட்டியிருக்கிறார்களே என்ற கோபம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

மரங்களையும் பார்த்தேன். மேடையைத் தாங்குகிற கேபிளை நேராகத் தண்டில் சுற்றவில்லை, இடையில் வரிசையாக மரச் சட்டங்கள் கொடுத்திருந்தார்கள். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிருள்ள அடுக்கு இருக்கிறது, அதைச் சுற்றி முழு வளையமாக நெரித்தால் மரம் செத்துப்போகும். தண்டு பருக்கப் பருக்க அந்தக் கேபிள் சுற்றையும் தளர்த்திக் கட்ட வேண்டுமாம். அதைப் பார்த்துச் செய்கிறவர்கள் மற்றதையும் பார்த்துச் செய்வார்கள் என்று ஒரு நம்பிக்கை வந்தது. நீ போகும் இடத்திலும் இதை ஒரு தடவை நிமிர்ந்து பார்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் என்று ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறுதல், தாண்டுதல், சமநிலையில் நடத்தல் எல்லாம் சேர்ந்த பயிற்சி முறை ஒன்றை உருவாக்கினார். அப்புறம் 1941-ல் வேல்ஸில் அபர்டவி என்ற ஊரில் கல்வியாளர் கர்ட் ஹான் இளம் மாலுமிகளுக்காக அவுட்வர்ட் பவுண்ட் என்ற சாகசப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய கயிற்றுப் பாதைகளின் வேரை அங்கெல்லாம் தேடுகிறார்கள். 'பயன்படுவதற்காகப் பலமாக இரு' என்பது எபேரின் வாக்கு. உன் முதல் கேள்விக்கு இதையே பதிலாக எழுதச் சொன்னார் அப்பா. நான்தான் வேண்டாம் என்றேன்.

மேலே ஏறுவதற்கு முன் தரைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கேபிள் இருக்கும். எல்லோரும் அவசரமாக அதைத் தாண்டிப் போகிறார்கள். நீ அப்படி விடாதே. அங்கேயே பிள்ளைகளைக் காலைத் தூக்கி ஹார்னஸில் முழு எடையோடு உட்காரச் சொல். ஒரு தடவை அது தாங்குவதை உடம்பு உணர்ந்துவிட்டால் மேலே கையால் கேபிளை நெரிக்க மாட்டார்கள். நெரித்தால் முன்னங்கை முதலில் சோர்ந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாடு. நான் ஒரு இடத்தில் வழுக்கித் தொங்கினேன். கட்டை மேல் திரும்ப ஏற முயன்று பார்த்தேன், நடக்கவில்லை. அப்படியே தொங்கிக்கொண்டு, மேலே கேபிளைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து மேடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அழகாக இல்லை, பரவாயில்லை.

ஜிப்லைன், அதாவது சரிவான கேபிளில் கப்பியில் தொங்கிக்கொண்டு சறுக்கிப் போவது, கடைசியில் வரும், பிள்ளைகள் அதற்காகத்தான் வருவார்கள். ஓடும்போது கப்பிக்கு முன்னால் கேபிளில் கை வைக்கவே கூடாது, இதைச் சின்னவன் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொடு. முன்னால் போனவர் இறங்கி, சைகை வந்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும். எடை குறைந்தவர்கள் சில நேரம் அடுத்த மேடைக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுவார்கள். அப்போது அழாமல் கைகளால் இழுத்துக்கொண்டு போகலாம் என்று இப்போதே சொல்லி வை. இடி கேட்டால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். உயர்ந்த மரம், எஃகுக் கேபிள், வேறு என்ன செய்வார்கள்? கட்டின காசு போச்சே என்று மாப்பிள்ளை வாதாடப் போகிறார், நீ தடுத்துவிடு.

முன்பக்கம் மூடிய ஷூ போடுங்கள். முடியை இறுகக் கட்டு, ஹெல்மெட்டுக்குள் அடங்க வேண்டும். மோதிரம், சங்கிலி, தொங்கட்டான் எல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடு. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏறாதே, விழுந்தால் கீழே நிற்பவர் தலையில்தான். பெரியவள் எட்டிப் பிடிக்கிற உயரத்தை அளந்து எழுது. பல இடங்களில் மேல் கேபிளைக் கை தொடுகிறதா என்று பார்த்துத்தான் எந்தப் பாதைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள்.

அப்பா கேட்கச் சொன்னார், எந்த வாரம் போகிறீர்கள்? இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா