38 எம்பி விஷயமாக

கண்ணா,

செவ்வாய்க்கிழமை விடிகாலை 3.10-க்கு நீ போட்ட மெசேஜை, பால் பாக்கெட் எடுக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். 23 நாள் கழித்து வந்த மெசேஜ். "ஹார்ட் டிஸ்க்ல காப்பி 38 எம்பிதான் காட்டுது, நடுநடுவுல 0 ஆகுது, ரெண்டு தடவ டிஸ்கனெக்ட். டிரைவர் ப்ராப்ளமாம்மா?" அவ்வளவுதான். அக்கா குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. விட்டுவிட்டது. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

விநாடிக்கு 38 மெகாபைட் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம், டிஸ்க்கோடு பேசுகிற மென்பொருளான டிரைவர் இல்லை. யூஎஸ்பி 2.0-வுக்கு ஏட்டில் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்பி. போக்குவரத்துச் செலவு போகக் கைக்கு வருவது 30-லிருந்து 40. உன் 38 அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அதே டிஸ்க் 3.0 வழியாகப் போனால் 100-க்கு மேல் கொடுக்கும். 400 ஜிபி போட 38-ல் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 110-ல் ஒரு மணி நேரம். டப்பாவில் 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று எது போட்டிருந்தாலும் குழம்பாதே, மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். பெயர் வைத்தவர்களை நிற்கவைத்துக் கேட்கவேண்டும்.

முதலில் கேபிளைப் பார். டிஸ்க் பக்கம் இருப்பது இரட்டை வாய். பழைய செல்போன் சார்ஜர் கேபிளும் அந்த வாயில் ஒரு பாதியில் ஜம்மென்று உட்காரும், வேலையும் செய்யும். ஆனால் 2.0-வாகத்தான் செய்யும். நீ அதைத்தான் மாட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான் கொடுத்த முழங்கை நீளக் குட்டிக் கேபிள் எங்கே? அகலத் தலை, நடுவில் ஒரு வெட்டு. அதுதான் வேண்டும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் மலிவுக் கேபிள் வாங்காதே. மெல்லிய கம்பியில் கரண்ட் வழியிலேயே தேய்ந்துவிடும், டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது மூச்சு வாங்கும். 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0-வுக்கு 900. இந்த மாதிரி டிஸ்க் கிளம்பும்போது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் கேட்கும். உனக்கு டிஸ்கனெக்ட் ஆவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நடுவில் ஒரு போர்ட்டைப் பலதாக்குகிற ஹப், அதுவும் தனி அடாப்டர் இல்லாதது இருந்தால் தூக்கிப் போடு.

கேபிள் சரியாக இருந்தும் 38 என்றால், லேப்டாப்பில் சொருகுகிற முனைக்குள் டார்ச் அடித்துப் பார். வாசலிலேயே நான்கு அகலப் பட்டை தெரியும், அது பழைய 2.0-வுக்கு. உள்ளே தள்ளி ஐந்து சின்னப் பின், அதுதான் 3.0. பிளக் ஒரு நூல் வெளியே நின்றாலும் அந்த ஐந்தும் தொடாது. தயங்கித் தயங்கி மெதுவாகச் சொருகினாலும் இதே கதைதான். முதலில் நான்கு தொட்டதும் லேப்டாப் "ஓ, 2.0" என்று முடிவு கட்டிவிடும். அதனால் கழட்டி, ஒரே மூச்சில் சடக்கென்று சொருகு. கறுப்பாக இருந்தால் ஐஸோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சால் துடை. வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் போகும். ஒன்பதாம் வகுப்பில் தானாக ராம் கழட்டி மாட்டிய பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதவேண்டியிருக்கிறது!

போர்ட் எது? அந்தப் பழைய லேப்டாப் என்றால் இடது பக்க நீலம் லூஸ் என்று உனக்கே தெரியும். வலது பக்கக் கறுப்பு 2.0. வலதில் போட்டுவிட்டு வேகம் இல்லை என்றால் எங்கிருந்து வரும்? இடதில் போட்டு, கேபிளின் கனம் போர்ட்டை இழுக்காமல் டிஸ்க்கை ஒரு புத்தகத்தின் மேல் ஏற்றி, போர்ட் மட்டத்துக்கு வை. வயர்லெஸ் மவுஸ் ரிசீவர் பக்கத்திலேயே இருந்தால் மவுஸ் திக்கித் திக்கி நகரும், 3.0 கேபிளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். அதைப் பார்த்துவிட்டு மவுஸ் டிரைவரை நோண்டாதே.

டிரைவர்தான் என்று இன்னும் சந்தேகம் இருந்தால்: விண்டோஸ் சாவியையும் எக்ஸையும் சேர்த்து அழுத்து, டிவைஸ் மேனேஜர். மேலே வியூவில் "டிவைசஸ் பை கனெக்ஷன்" தேர்ந்தெடுத்தால் டிஸ்க் எந்த ஹப்பின் கீழ் தொங்குகிறது என்று தெரியும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்து, கேபிளைக் கழட்டி, ரீஸ்டார்ட் போட்டுத் திரும்ப மாட்டு. விண்டோஸ் 8-லிருந்து 3.0 டிரைவர் உள்ளேயே வருகிறது, தானாகப் பிடித்துக்கொள்ளும். ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்டில் "கரண்ட் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்" என்கிற டிக்கை எடுத்துவிடு. பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கிற யூஎஸ்பியைத் தூங்கவைக்கிற செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்து. டிரைவர் அப்டேட்டர் என்று நெட்டில் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் இறக்காதே. கடைக்கு வருகிற பாதி மெஷினை அதுதான் கெடுத்துக் கொண்டுவருகிறது. லேப்டாப் கம்பெனி சைட்டில் சிப்செட் டிரைவர் இருக்கும், அது போதும்.

ஒன்று கேட்கவேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் பென் டிரைவே போடமுடியாது, எழுதவே விடாது, பாலிசி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று போன தீபாவளிக்கு நீதான் சொன்னாய். இப்போது எழுதுகிறது, 38-ல் என்றாலும் எழுதுகிறது. அப்படியானால் இது பழைய லேப்டாப். ஆபீஸ் லேப்டாப் எங்கே? சர்வீஸுக்குப் போயிருக்கலாம். எந்த லேப்டாப் என்று தெரிந்தால் டிரைவர் விஷயத்தில் எனக்குச் சுலபம், அதற்காகத்தான் கேட்கிறேன். வாடகை, கீடகை என்று ஏதாவது இருந்தால் அதையும் எழுது. அப்பாவிடம் சொல்லமாட்டேன்.

கேபிளை மாற்று. முதலில் கேபிளை மாற்று.

அந்த 0-வைப் பற்றி எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உனக்கே புரிந்திருக்கும். 38 கேபிள். 0 கேபிள் இல்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டு, வேகம் மட்டும் 0-வில் பத்து இருபது விநாடி நின்றால், டிஸ்க்குக்குள் படிக்கிற தலை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, வரவில்லை என்று அர்த்தம். தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏறவைத்து எழுதுகிற எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கும் நீளமாக எழுதினால் இப்படித் திணறும், அதுவாக இருக்கலாம் என்றுதான் முந்தாநாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை கண்ணா. தை மாதம் நீ கிளம்புகிற அன்று, டிஸ்க்கின் உடல்நிலை காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் போட்டுப் பார்த்தேன். மஞ்சள், "காஷன்". சி5 என்கிற வரியில் 8. படிக்கமுடியாமல் எட்டு செக்டார், அதாவது டிஸ்க்கின் எட்டுத் துண்டு, காத்திருக்கிறது என்று அர்த்தம். கால் டாக்ஸி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "புதுசு மாதிரி இருக்குடா" என்று சொல்லி உன் பையில் வைத்தேன்.

அதைவிட மோசம், வீட்டில் இன்னொரு காப்பி இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. மாசியில் ஒரு கஸ்டமர் டிஸ்க்கை மீட்க, அதே அளவு காலி டிஸ்க் அவசரமாகத் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் சாமான் வாங்குகிற ரிச்சி தெரு ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடந்தது. அந்தக் காப்பியோடு பீரோவில் இருந்த 2 டிபி டிஸ்க்கை எடுத்து அதன் மேல் எழுதிவிட்டேன். உன்னிடம் ஒன்று இருக்கிறதே என்ற தைரியம். பச்சை ட்ரங்க் பெட்டியில் இருந்த போட்டோ முழுவதும், 2015 டிசம்பர் தண்ணீருக்கப்புறம் மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, நீயும் நானும் 600 டிபிஐ-யில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தது எல்லாம், இப்போது உன் மேஜையில் இருக்கிற அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் இரண்டு காப்பி வை என்று பில்லின் பின்னால் எழுதிக் கொடுக்கிறவள் நான்.

ஆகவே மேலே எழுதியதில் கேபிள், போர்ட் தவிர மீதியை அப்புறம் பார். அதில் இனி எதுவும் எழுதாதே. நல்ல கேபிளை மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5, சி6 மூன்று வரியையும் போட்டோ எடுத்து அனுப்பு. பிறகு "பச்சை ட்ரங்க்" ஃபோல்டரை மட்டும் லேப்டாப்புக்கு எடு, மொத்தமாக இழுக்காமல் ஐம்பது ஐம்பது போட்டோவாக. ஒரு ஃபைலில் நின்றால் ஸ்கிப் கொடுத்து அடுத்ததற்குப் போ. "டிரைவை ஃபார்மட் செய்யவேண்டும்" என்று கேட்டால் கேன்சல். விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கிற செக்டிஸ்க்கை ஓட்டாதே. நன்றாக இருக்கிற டிஸ்க்குக்கு அது வைத்தியம், இதற்கு அது அடி. டிக் டிக் என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிடு, இன்னொரு தடவை மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதே. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று எவனாவது சொன்னால் அவன் டிஸ்க்கை வைத்துப் பார்க்கச் சொல், உள்ளே வியர்த்துவிடும்.

பாக்கியை இங்கே பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற மீட்பு புரோகிராமைப் போட்டால் நல்ல இடத்தையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற செக்டாருக்குக் கடைசியில் திரும்ப வரும். ஒரு நாளோ மூன்று நாளோ ஆகும். புது 2 டிபி இரண்டு வாங்கி வைத்துவிட்டேன், ஒன்று உனக்கு.

கொரியரில் போடாதே. தூக்கிப் போடுவார்கள். துண்டில் சுற்றி, கைப்பையில் வைத்து, சென்னை மெயிலில் நீயே எடுத்துக்கொண்டு வா. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. அந்தக் குட்டிக் கேபிளையும் மறக்காமல் எடுத்து வை.

அம்மா